நான்காவது மிதி

பிரேக் கெட்டுப்போன வண்டி என்று உலகத்தில் இதுவரை ஒன்றுகூட ஓடியதில்லை; மிதிக்கத் தெரியாத கால்கள் மட்டுமே ஓடியிருக்கின்றன.

இது வாகன ஆய்வுத் துறையின் தலைமை ஆய்வாளர் கண்டுபிடித்த உண்மை. கண்டுபிடித்த மறுவாரமே அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆய்வுக் கூடத்தின் வாசலில் மாட்டினார்கள். ஆணி சரியாக இறங்காததால் சட்டம் இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டு தடவையும் ஆணியில் குறையில்லை, சுவர்தான் ஒத்துழைக்கவில்லை என்று கோப்பில் குறிப்பு எழுதப்பட்டது.

அரசாங்க வண்டிகள் எல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கூடத்துக்கு வந்தாக வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக ஒரு வண்டிகூட பிரேக் சோதனையில் தோற்றது கிடையாது. சோதனை எளிமையானது. ஆய்வாளர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மூன்று தடவை மிதிப்பார். அந்த மூன்றும் சோதனையில் சேராது. காலுக்கும் வண்டிக்கும் அறிமுகம் ஏற்படட்டும் என்பதற்காக மிதிப்பது. நான்காவதாக மிதிப்பதுதான் மிதி. அதில் பிரேக் பிடித்தால் பச்சைச் சான்றிதழ்.

குடிநீர் வாரியத்தின் பிக்கப் வண்டியும் அப்படித்தான் பச்சைச் சான்றிதழுடன் திரும்பி வந்தது. அதன் ஓட்டுநர் அன்றைக்கே பதினாறு குழாய்களை ஏற்றிக்கொண்டு மேட்டுச் சாலையிலிருந்து இறங்கினான். அந்த இறக்கம் நேராக வந்து, அடிவாரத்தில் சட்டென்று இடது பக்கம் திரும்பும். திரும்பாதவர்களுக்கு எதிரே ஒரு தையல் கடை இருக்கிறது. கடையில் சாலையைப் பார்த்தபடி ஒரு தையல் இயந்திரம். அதன் முன்னால் அவனுடைய மனைவி.

திருப்பத்துக்கு முன்னால் அவன் பிரேக்கை மிதித்தான். மிதி ஒன்றும் சொல்லாமல் கீழே போய் வண்டியின் தரையைத் தொட்டது. இரண்டாவது தடவை மிதித்தான். பாதி வழியில் லேசாக ஏதோ தட்டுப்பட்டது. மூன்றாவது மிதியில்தான் பிரேக் பிடித்தது. வண்டி கடையின் பெயர்ப் பலகையை ஒரு மூலையில் முத்தமிட்டு நின்றது.

அவன் மனைவி தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையை முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க, என்னைப் பார்க்கணும்னா இறங்கி நடந்து வந்தா போதாதா? வண்டியோடதான் வரணுமா?"

"பிரேக் மெத்துனு இருக்கு."

"எவ்வளவு மெத்துனு?"

"தலகாணி மாதிரி. மூணாவது மிதியிலதான் பிடிக்குது."

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு பலகைக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தாள். துணி அளக்கிற கண் அது; அளவு தப்பாது. "நாலு மிதி ஆகியிருந்தா நான் இந்தப் பக்கம் இருந்திருக்க மாட்டேன்" என்றாள். "பிரேக் லைன்ல காத்து புகுந்திருக்கும். வீட்டுக்கு ஓட்டிட்டு வாங்க. நீங்க படுங்க, நான் மிதிக்கிறேன்."

அவளுக்கு இந்த வேலை புதிது இல்லை. கல்யாணமான புதிதில் அவர்களிடம் சொந்தமாக ஒரு ஓட்டை வேன் இருந்தது. அதன் பிரேக் இப்படி ஆகும்போதெல்லாம் அவன் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு நிப்பிள் என்கிற சின்னத் திருகைப் பிடித்துக்கொள்வான். அவள் மேலே உட்கார்ந்து மிதிப்பாள். அவன் "பிடி" என்பான். அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிருக்கேன்" என்பாள். அவன் திருகைத் திறப்பான். குழாய் வழியாக ஆயிலும் குமிழியும் வரும். மூடிவிட்டு "விடு" என்பான். அதற்கு முன்னால் அவள் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று அப்படியே திரும்பி உள்ளே வந்துவிடும். அவள் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. தங்கள் இல்லற வாழ்க்கையில் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டது அந்த அரை மணி நேரங்களில் மட்டும்தான் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள்.

ஆனால் இது வாரியத்து வண்டி. பானெட்டுக்குள் இருந்த பிரேக் ஆயில் குப்பியின் மூடிமேல், ஆய்வுத் துறையின் காகித முத்திரை குறுக்கே ஒட்டப்பட்டிருந்தது. அதைக் கிழித்தவனுக்கு வேலை கிடையாது என்று அந்த முத்திரையிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது.

"வேலை போயிடும்மா."

"நீங்க போயிட்டா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த சட்டைக் கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவன் ஆய்வுக் கூடத்துக்குப் போனான். வாசலில் இருந்த எழுத்தரைப் படிவக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வணக்கம் சொன்னால்கூட அதற்கு ஒரு படிவம் இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார்.

"என்ன குறை?"

"பிரேக் மெத்துமெத்துனு இருக்கு சார்."

படிவக்காரர் தாளைத் திருப்பிக் காட்டினார். பிரேக் என்ற தலைப்பின் கீழ் இரண்டே கட்டங்கள் இருந்தன: பிடிக்கிறது, பிடிக்கவில்லை.

"பிடிக்குதா, பிடிக்கலையா?"

"பிடிக்குது சார், ஆனா லேட்டா பிடிக்குது."

"லேட்டுங்கிறது வருகைப் பதிவேட்டுல வர்ற விஷயம். அது வேற பிரிவு. பிடிக்கலைன்னு போடவா?"

"போடுங்க சார்."

"போட்டா, பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டி இங்க வரைக்கும் கொண்டு வந்ததுக்கு உங்க மேல நடவடிக்கை வரும். பிடிக்குதுன்னு போடவா?"

ஓட்டுநர் யோசித்தான். பிடிக்கிறது என்று போட்டால் குறை இல்லை. குறை இல்லையென்றால் படிவமே இல்லை. இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த கோட்டைச் சுட்டிக் காட்டி, "இந்தக் கோட்டு மேல ஒரு டிக் போட முடியாதா சார்?" என்று கேட்டான். பதினான்கு ஆண்டுகளில் முதன்முறையாகப் படிவக்காரர் எழுந்து நின்று உள்ளே போனார்.

தலைமை ஆய்வாளரே வெளியே வந்தார். கை உறை போட்டுக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். மூன்று தடவை நிதானமாக மிதித்தார். நான்காவது தடவை மிதித்துவிட்டு, தன் காலையே பாராட்டுவதுபோல் கீழே பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கேப்பா."

"நாலாவது கல்லுதான் சார். முதல் மிதியைப் பாருங்க."

"முதல் மிதியை நாங்க பார்க்கிறது இல்லை."

"ஏன் சார்?"

"பார்த்தா தோத்துடும்" என்றார் அவர், சின்னக் குழந்தைக்குச் சொல்லுகிற பொறுமையோடு. "இந்தத் துறை ஆரம்பிச்ச காலத்துல வண்டிகளைச் சோதிச்சிட்டு இருந்தாங்க. நூத்துக்கு நாற்பது வண்டி தோத்துது. மக்களுக்குத் துறை மேல நம்பிக்கையே போச்சு. நான் வந்தேன். வண்டிகளை விட்டுட்டு சோதனையைச் சோதிச்சேன். அதுல இருந்த குறையை எல்லாம் எடுத்தேன். இப்போ ஒண்ணுகூட தோக்கிறதில்லை. இதைவிடப் பாதுகாப்பு உனக்கு எங்க கிடைக்கும்?"

"ரோட்டுல குறுக்கே ஆள் வந்தா நாலு தடவை மிதிக்க நேரம் இருக்காது சார்."

"அது ஆளோட பிரச்சினை. நாங்க வண்டியைத்தான் பார்க்கிறோம்."

இருந்தாலும் மெத்து என்ற சொல் அவர் மனதை உறுத்தியது. அளவில்லாத ஒரு சொல் தன் கூடத்துக்குள் வந்து போனதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த வாரமே ஐந்து பேர் கொண்ட மென்மைக் குழு அமைக்கப்பட்டது. குழு மூன்று விதமான பஞ்சுகளை வரவழைத்தது: பாத்திரம் தேய்ப்பது, உடம்பு தேய்ப்பது, கார் கழுவுவது. மூன்றையும் தரையில் வரிசையாக வைத்து ஓட்டுநரை மிதிக்கச் சொன்னார்கள். தன் பிரேக்குக்கு ஈடான பஞ்சு எது என்று அவன் கால் சாட்சி சொல்ல வேண்டும்.

அவன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மிதித்தான். உடம்பு தேய்க்கும் பஞ்சுதான் கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்தது. குழு அதைப் பதிவு செய்தது. உறுப்பினர்கள் ஆளுக்கொரு தடவை அதை மிதித்துப் பார்த்துவிட்டு, மனித உடம்புக்கே தீங்கு செய்யாத மென்மை இரும்பு வண்டிக்கு என்ன செய்துவிடப் போகிறது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பாத்திரப் பஞ்சைப் படிவக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

தீர்மானத்தைத் தொடர்ந்து சுற்றறிக்கை வந்தது. 'முன்னறிவிப்புடன் நிறுத்துதல்' என்று தலைப்பு. ஓட்டுநர்கள், நிறுத்த வேண்டிய தேவை ஏற்படுவதற்கு மூன்று மிதிகள் முன்னதாகவே அந்தத் தேவையை உணர்ந்து மிதிக்கத் தொடங்க வேண்டும். எதிர்பாராத தேவைகளைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும்.

அதன் நகல் ஒன்று தையல் கடைக்கும் போனது. வண்டி நிற்பதற்குத் தேவையான தூரத்துக்குள் மேற்படி கடை அமைந்திருப்பதால் அது பிரேக்குக்கு இடையூறாகக் கருதப்படுகிறது என்றும், பத்து நாளுக்குள் கடையைப் பன்னிரண்டு அடி பின்னால் நகர்த்த வேண்டும் என்றும் அதில் இருந்தது. கடைக்குப் பின்னால் இருந்தது ஒரு வாய்க்கால்.

அவன் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்து, ஆடிக்கொண்டிருந்த தையல் இயந்திரத்தின் ஒரு காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். ஆட்டம் நின்றது. "ஒரு தாள்லயாவது ஒரு பிரயோஜனம் இருக்கு" என்றாள். அன்று சாயங்காலம் அவன் வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு பை இருந்தது. அதில் திறக்காத பிரேக் ஆயில் டப்பா ஒன்று, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற குழாய் ஒரு முழம், காலி பாட்டில், பழைய வேன் காலத்து ஸ்பேனர்.

"நான் எப்போ வேணும்னாலும் வந்து மிதிக்கிறேன்" என்றாள். "கடையை நகர்த்துறதைவிட காலை நகர்த்துறது சுலபம்."

அவனுக்கு ஒன்றுதான் புரியவில்லை. சோதனைக்குப் போகும்போது பிரேக் நன்றாக இருந்தது. பச்சைச் சான்றிதழ் வாங்கி வந்தபோது கெட்டிருந்தது. நடுவில் என்னதான் நடந்தது? கூடத்துக்குள் போய் ஒரு மூலையில் நின்று வேடிக்கை பார்த்தான். அங்கே ஒரு ஜீப் சோதனையில் இருந்தது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அளவுப் பிரிவைச் சேர்ந்தவர் அதன் பிரேக் ஆயில் குப்பியில் ஒரு பெரிய ஊசிக் குழலை விட்டு உறிஞ்சி ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார் ஆயிலை வெளியே எடுக்கறீங்க?"

"எவ்வளவு இருக்குன்னு தெரிய வேண்டாமா?"

"குப்பியிலயே கோடு போட்டிருக்கே சார்."

"அது கம்பெனிக்காரன் போட்ட கோடு" என்றார் அளவுக்காரர். "எங்க குடுவையில நாங்க போட்ட கோடு இருக்கு. அளந்து, கையெழுத்து வாங்கிட்டு, அப்படியே திருப்பி ஊத்திடுவோம். ஒரு சொட்டு குறையாது."

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே, வண்டியின் மறுபக்கத்தில் மிதிப் பிரிவு ஆய்வாளர் ஏறி உட்கார்ந்து தன் வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. குப்பி காலி. ஆயில் இருந்த இடத்துக்கு ஒவ்வொரு மிதிக்கும் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பிரிவும் தனித்தனி. ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்க விதியில் இடமில்லை.

ஓட்டுநர் நேராகத் தலைமை ஆய்வாளர் அறைக்குப் போனான். அங்கே ஏதோ கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொன்னான். காற்று வந்தது இங்கேதான், தன் வண்டியில் மட்டுமல்ல, சோதித்த எல்லா வண்டியிலும் இருக்கும், எடுப்பது பெரிய வேலையும் இல்லை என்றான்.

"எப்படி எடுப்பே?"

"நான் கீழே படுப்பேன் சார். என் வீட்டுக்காரி மேலே உட்கார்ந்து மிதிப்பா. நான் 'பிடி'ன்னு சொன்னா அவ அழுத்திப் பிடிச்சுக்கிட்டு 'பிடிச்சிருக்கேன்'னு சொல்லணும். நான் 'விடு'ன்னு சொல்ற வரைக்கும் விடக் கூடாது. அரை மணி நேரம்."

தலைமை ஆய்வாளர் முதலில் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். நாற்காலியை மேசையிலிருந்து தள்ளிப் போட்டு, ஒரு காலை நீட்டி, இல்லாத பிரேக்கை மிதித்து, பெண் குரலில் "பிடிச்சிருக்கேன்" என்று இழுத்தார். அறை முழுக்கச் சிரித்தது. இன்னொரு தடவை செய்து காட்டினார். படிவக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

"ஒருத்தர் கத்தணும், இன்னொருத்தர் பதிலுக்குக் கத்தணும். இதுக்கு பேர் தொழில்நுட்பமா?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மேல இருக்கிறவன் கீழ படுத்திருக்கிறவன் பேச்சைக் கேட்டு நடக்கிற எந்த முறையும் ஒரு அலுவலகத்துல நிலைக்காதுப்பா. முத்திரை மேல கை வைச்சே, மறுநாள் உனக்கு வேலை இருக்காது. போ."

கடைக்குக் கொடுத்த கெடுவில் ஒன்பது நாள் ஓடிவிட்டது. அவன் முதல் கியரிலும் கை பிரேக்கிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஏறிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை வண்டி இறங்கும்போதும் அடிவாரத்தில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்று, வண்டி திருப்பத்தைத் தாண்டியதும் மறுபடி கேட்டது.

பத்தாவது நாள், பதினான்கு ஆண்டு பிரேக் பழுதில்லாச் சாதனைக்காகத் தலைமை ஆய்வாளருக்கு ஒரு பாராட்டு விழா. மேட்டுச் சாலையின் அடிவாரத்தில், திருப்பத்தைத் தாண்டியிருந்த மண்டபத்தில் ஏற்பாடு. அவர் கிளம்பத் தயாரானபோது அவருடைய ஜீப் தயாராக இல்லை. அன்றைக்கு ஓட்டுநர் கூடத்தில் பார்த்தது அந்த ஜீப்தான். அதன் பிரேக் ஆயில் இன்னமும் குடுவையில் இருந்தது. கையெழுத்து ஆகவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் அவரேதான். ஆனால் அந்தக் கோப்பு முறைப்படி அவர் மேசைக்கு வந்துசேர இன்னும் நான்கு நாள் இருந்தது.

கூடத்து வாசலில் குடிநீர் வாரியத்து பிக்கப் நின்றிருந்தது. தையல் கடைக்குக் கெடு நீட்டித்துத் தரக் கேட்டு, ஓட்டுநர் மனு கொடுக்க வந்திருந்தான்.

"மண்டபம் வரைக்கும் விட்டுடு" என்றார் தலைமை ஆய்வாளர். "மனுவை வழியில பார்த்துக்கலாம்."

விழாவுக்கான பொன்னிறச் சால்வை ஏற்கெனவே அவர் தோளில் இருந்தது. அளவு சரியாக இருக்கிறதா என்று முதல் நாளே போர்த்திப் பார்த்திருந்தார்கள். மேட்டின் உச்சியை அடைந்ததும் ஓட்டுநர் மரியாதையாகக் கேட்டான்:

"சார், மண்டபத்துக்கிட்ட நிக்கணும்னா இப்பவே மிதிக்க ஆரம்பிக்கட்டுமா?"

"இங்கிருந்தேவா?"

"சுற்றறிக்கைப்படி சார். மூணு மிதி முன்னாடி."

அவன் மிதித்தான். தலைமை ஆய்வாளர் அந்தக் காலைப் பார்த்தார். அது எதிர்ப்பே இல்லாமல் இறங்கி, தரையைத் தொட்டு, அங்கேயே கிடந்தது. பதினான்கு ஆண்டுகளில் ஒரு முதல் மிதியை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வண்டி இறக்கத்தில் மூக்கை நீட்டியது. தூரத்தில், சாலை முடியும் இடத்தில், பெயர்ப் பலகை ஒரு புள்ளியாகத் தெரிந்தது; அதற்குப் பின்னால் ஒரு தலை குனிந்திருக்கும். தலைமை ஆய்வாளரின் வலது கால் தன்னால் நீண்டு, எதுவுமே இல்லாத தரை விரிப்பை மிதித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதாக மிதித்தபோதும் அங்கே ஒன்றும் பிடிக்கவில்லை.

"நிறுத்து" என்றார்.

ஓட்டுநர் முதல் கியரில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, வண்டியை ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினான். இறங்கி நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தான். தலைமை ஆய்வாளர் சால்வையால் நெற்றியைத் துடைத்தார்.

"நடந்து போனா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம் சார். விழா முக்கால் மணியில."

"வேற வண்டி?"

"எல்லாம் உங்க கூடத்துல சோதிச்ச வண்டிதான் சார்."

அவர், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பதுபோல், "இதைச் சரி பண்ண முடியுமா?" என்றார்.

"முடியும் சார். சாமான் எல்லாம் சீட்டுக்கு அடியில இருக்கு. ஆனா ரெண்டு ஆள் வேணும்." பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். "அப்புறம் இந்த முத்திரை."

தலைமை ஆய்வாளர் சாலையின் மேல் பக்கம் பார்த்தார். கீழ்ப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து, தன் நகத்தாலேயே முத்திரையின் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் மெல்ல உரித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நல்ல பழக்கமுள்ள கை மாதிரி இருந்தது.

ஓட்டுநர் புது ஆயிலைக் குப்பியில் ஊற்றினான். தலைமை ஆய்வாளர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். தூரத்துப் பின் சக்கரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்கடியில் மண்ணில் மல்லாந்து படுத்து, நிப்பிளில் குழாயைச் செருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டான்.

"மூணு தடவை மிதிச்சிட்டு, நாலாவதுல பிடிங்க சார்."

"அது எனக்குத் தெரியும்" என்றது மேலேயிருந்து குரல்.

மிதிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"சார், பிடிச்சிருக்கீங்களா?"

மேலே ஏதோ முணுமுணுப்பு.

"கேக்கலை சார். கேட்டாத்தான் நான் திறக்க முடியும்."

"பிடிச்சிருக்கேன்."

திருகைத் திறந்தான். குழாயில் குமிழிகள் பொலபொலவென்று ஓடின. மூடினான். "விடுங்க." மறுபடி மிதி, மறுபடி "பிடிச்சிருக்கேன்", மறுபடி குமிழி. நடுநடுவே எழுந்து போய்க் குப்பியில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டான். முதல் சக்கரம் முடிவதற்குள் மேலே இருந்த குரல் தெளிந்தது. மூன்றாவது சக்கரத்துக்கு வந்தபோது அது கேட்காமலேயே வந்தது. ஒரு தடவை ஓட்டுநருக்குக் கண்ணில் மண் விழுந்து, துடைத்துக்கொள்ள நேரமானது. அதுவரைக்கும் மேலே கால் அசையவில்லை. "விடலாமா?" என்று மட்டும் ஒரு கேள்வி வந்தது.

"நான் சொல்றேன் சார்."

"சரி."

நான்காவது சக்கரத்தில் குமிழி நின்று, வெறும் ஆயில் நூல் மாதிரி இறங்கியது. ஓட்டுநர் திருகை இறுக்கினான். அடிவாரத்தில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்; மேட்டில் தெரிந்தது இந்த வண்டியாயிற்றே.

"விடுங்க சார். முடிஞ்சுது."

மேலே கால் எழவில்லை.

"சார், நேரமாச்சு. விழா."

"இருப்பா" என்றார் தலைமை ஆய்வாளர் மெல்லிய குரலில். "இன்னும் ஒரே ஒரு தடவை பிடிச்சுக்கறேன். முதல் மிதி இன்னும் கொஞ்சம் மெத்துனு இருக்கு."